பொதிகை முதல் புன்னைக்காயல் வரை: தாமிரபரணி வட்டாரத்தைப் படிக்கத் தொடங்குவது எப்படி

ஒரு வட்டாரத்தின் இயற்கை, வரலாறு, வளர்ச்சி மூன்றையும் சேர்த்துப் படிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மாவட்டத்தையே அலகாக எடுத்துக்கொள்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் அப்படித் தொடங்கினால் கணக்கு சீக்கிரமே இடிக்கும். 1790-இல் உருவான திருநெல்வேலி ஜில்லாவுக்குள் இன்றைய சிவகாசியும் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருந்தன. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அவை அங்கே போயின. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி. 1901-ஆம் ஆண்டின் 'திருநெல்வேலி' மக்கள்தொகையையும் 2011-இன் 'திருநெல்வேலி' மக்கள்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்ச்சி வீதம் போட்டால், பெயர் ஒன்றாக இருக்கும், நிலம் வேறாக இருக்கும்.

ஆறு அப்படி மாறுவதில்லை. தாமிரபரணி மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகைப் பகுதியில் பிறந்து, முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே 125 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. மழைக்காடு, நெல்வயல், செம்மணல் தேரி, உப்பளம், துறைமுகம் எல்லாம் இந்தச் சிறிய தூரத்துக்குள் அடக்கம். ஆகவே இங்கே படிப்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவதாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் நின்றாலும் கேட்க வேண்டியவை: இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறக்கிறார்கள், மிச்சம் எங்கே போகிறது. கோயில் கல்வெட்டு, ஆலை, சாதித்தெரு, வாழைத்தோட்டம் எதுவானாலும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வேலை: இரண்டு எல்லைக் கோடுகள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். இந்த அளவில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. மேற்கே மலை முகடுகளைத் தொட்டு, எந்த ஓடை ஆற்றுக்குள் வருகிறது, எது வேறு பக்கம் போகிறது என்று பார்த்துப் பென்சிலால் கோடு போடுங்கள். காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு எல்லாம் கோட்டுக்குள் இருக்க வேண்டும். ராமநதியும் ஜம்புநதியும் கடனாநதியோடு சேர்ந்து வருபவை. சிற்றாறு சீவலப்பேரியில்தான் பேராற்றோடு சேர்கிறது. அதை விட்டுவிட்டால் தென்காசிப் பக்கம் முழுவதும் படத்திலிருந்து காணாமல் போகும்.

மலைப்பகுதியில் இந்த வேலை சுலபம். திருநெல்வேலிக்குக் கிழக்கே வந்ததும் தடுமாற்றம் தொடங்கும். இந்தத் தாள்களில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். திருநெல்வேலி நகரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 45 மீட்டரில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றிரண்டு கோடுகளை வைத்துக்கொண்டு நீர்பிரி முகடு தேட முடியாது. அங்கே கால்வாய்களின் போக்கையும் குளங்களின் மறுகால் (குளம் நிறைந்ததும் மிச்ச நீர் வழியும் வாய்) எந்தப் பக்கம் பாய்கிறது என்பதையும் வைத்துத்தான் எல்லையை முடிவு செய்ய வேண்டும்.

இது இயற்கை எல்லை. இரண்டாவதாக வேறு நிறத்தில் ஒரு பயன்பாட்டு எல்லை போடுங்கள். மணிமுத்தாறு அணையின் கால்வாய் நாங்குநேரிப் பக்கத்து வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கூந்தன்குளம் பறவைகள் அந்தத் தண்ணீரை நம்பியும் வருகின்றன. கூட்டுக் குடிநீர்க் குழாய்கள் கோவில்பட்டி, விருதுநகர் வரை போகின்றன. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு நோக்கி வெள்ளநீர்க் கால்வாய் வெட்டும் திட்டம் 2009-இல் தொடங்கியது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழுகிற நிலம்தான் வளர்ச்சி பற்றிய விவாதம் நடக்கிற இடம். அறிக்கையின் பாதி வாதம் இந்த இடைவெளியிலிருந்தே கிடைக்கும்.

நிற்க வேண்டிய இடங்கள்

ஆற்றை முழுக்க நடந்து தீர்க்க வேண்டியதில்லை. பேருந்தில் போய்வரக்கூடிய நிறுத்தங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். நவகைலாயத் தலங்கள் ஒன்பதும் ஏற்கெனவே ஆற்றை ஒட்டி மேலிருந்து கீழாக அமைந்திருக்கின்றன: பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். பக்தர்களுக்காக உருவான இந்த வரிசை ஆய்வாளருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதோடு அம்பாசமுத்திரம், திருப்புடைமருதூர், திருநெல்வேலி–பாளையங்கோட்டை, சீவலப்பேரி, ஆதிச்சநல்லூர், கொற்கை, புன்னைக்காயல், பக்கவாட்டில் சாத்தான்குளம் அருகேயுள்ள குதிரைமொழித் தேரி ஆகியவற்றைச் சேர்த்தால் போதும்.

ஒரே இடத்தை ஒரே தடவை பார்த்து எழுதுவதுதான் தொடக்கக்காரர்களின் பெரிய குறை. மூன்று பருவங்களில் பாருங்கள். ஜூன்–ஜூலையில் மலையில் தென்மேற்குப் பருவமழை, குற்றாலத்தில் சாரல், சமவெளியில் கார் சாகுபடிக்குக் கால்வாய் திறப்பு. நவம்பர்–டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, பிசான நெல், குளங்கள் மறுகால் பாயும் காலம். ஏப்ரல்–மே மாதங்களில் குளத்தின் அடி வெளியே தெரியும்; மடைக்கல், பழைய தூம்பு, கரையின் உள்பக்கக் கல்லடுக்கு, ஆக்கிரமிப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

தண்ணீரைப் படிக்கும் முறை

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. மேலே அணைகள்: பாபநாசம் (முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி). பாபநாசம், மணிமுத்தாறு ஒவ்வொன்றும் சுமார் 5,500 மில்லியன் கனஅடி கொள்ளும். செய்தித்தாளில் தினமும் 'நீர்மட்டம்' என்று வருவது அடிக்கணக்கு. அதை நீரின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், 143 அடியில் 70 அடி நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று பொருளல்ல; அதைவிடக் கணிசமாகக் குறைவு. அடியையும் கனஅடியையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கீழே எட்டு அணைக்கட்டுகள், அதாவது ஆற்று நீரைக் கால்வாய்க்குத் திருப்பும் தாழ்வான குறுக்குச் சுவர்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்டது. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. கோடைமேலழகியான், மருதூர், ஸ்ரீவைகுண்டம் மூன்றுக்கும் இரண்டிரண்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. மொத்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 86,107 ஏக்கர் என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. எந்த அணைக்கட்டில் நின்றாலும் இவற்றைக் குறியுங்கள்: ஆற்றுக்குக் குறுக்கே நேராக இருக்கிறதா, சாய்வாகவா, கால்வாய்த் தலைமதகு எந்தக் கரையில், அணைக்கட்டுக்கு மேலே மணல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது, கீழே எவ்வளவு அரித்திருக்கிறது. மணல் மேடிட்டால் தலைமதகுக்குள் தண்ணீர் ஏறாது. மணல் அள்ளப்பட்டு ஆறு பள்ளமானால், அணைக்கட்டுக்கு வெளியே உள்ள பாசனக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கும்.

கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை மிதவை வைத்து ஓரளவு சரியாகக் கணிக்கலாம். வளைவில்லாத, கரை சீரான இடமாகப் பார்த்து 20 மீட்டர் நீளத்தைக் கயிற்றால் அளந்து இரு முனைகளிலும் குச்சி நடுங்கள். மேல்முனைக்குச் சில மீட்டர் முன்னாலேயே, பாதி தண்ணீர் நிரப்பி மூடிய சிறு பிளாஸ்டிக் பாட்டிலை நடு ஓட்டத்தில் விடுங்கள். காலி பாட்டில் கூடாது. காற்று தள்ளிக்கொண்டு போகும். ஐந்து தடவை நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். அகலத்தையும், ஒரு மீட்டருக்கு ஒரு தடவை ஆழத்தையும் அளவுக்கோலால் எடுங்கள். மேற்பரப்பு ஓட்டம் அடியோட்டத்தைவிட வேகமானது என்பதால் கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக அகலம் 6 மீ., சராசரி ஆழம் 0.4 மீ., 20 மீட்டரைக் கடக்க 40 விநாடி என்றால்: வேகம் 0.5 × 0.85 = 0.425 மீ./விநாடி; குறுக்குப் பரப்பு 2.4 ச.மீ.; ஓட்டம் 1.02 கனமீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 36 கனஅடி. ஒரு கனஅடி 28.3 லிட்டர் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாசி அடர்ந்த கால்வாயில் இந்தக் கணிப்பு அதிகமாகக் காட்டும். தலைக்கால்வாயிலும் பேராற்றிலும் இதைச் செய்யவே வேண்டாம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடுகிற எந்த இடத்திலும் இறங்காதீர்கள். அணை திறப்பு முன்னறிவிப்பு எல்லா நேரமும் காதுக்கு வந்து சேராது.

குளங்களைப் பற்றி ஒன்று. கால்வாய்ப் பாசனக் குளமா, மானாவாரிக் குளமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னது ஆற்றுநீரில் நிறைவது, பின்னது வானம் பார்த்தது. இரண்டையும் கலந்து 'குளங்கள் வறண்டன' என்று எழுதினால் காரணம் தவறாகப் போகும். சங்கிலித் தொடர்க் குளங்களில் மேற்குளத்து மறுகால் கீழ்க்குளத்துக்கு வரத்துக்கால். இந்த இணைப்பை அம்புக்குறியோடு வரைந்தால்தான் 2023 டிசம்பர் 17–18 வெள்ளம் புரியும். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மிகக் கடுமையான மழை மலையில் பெய்யாமல் கீழ்க்கரைச் சமவெளியில் பெய்தது. மேலணைகளின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணிக்கிற பழக்கம் அன்று உதவவில்லை. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தால் என்னாகும் என்பதற்குத் தொடர்ப்படம் இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

மண்ணும் உயிரும்

மேற்கே சார்னோகைட் வகைப் பாறை, நடுவே ஆற்று வண்டல், வடகிழக்கே கரிசல், தென்கிழக்கே தேரிச் செம்மணல், கடைசியில் உவர்நிலம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாலைவெட்டு, கிணற்றுவெட்டு எங்காவது இருந்தால் அதன் அடுக்குகளை அளந்து வரையுங்கள். மண்ணைக் கையில் நனைத்துத் திரி உருட்டிப் பார்ப்பது போதுமான முதல் சோதனை. மெல்லிய திரியாக நிற்குமானால் களி அதிகம். உருட்டவே வராவிட்டால் மணல்.

தேரிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மணல்துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் செந்நிறத்துக்குக் காரணம். காற்று குவித்த இந்த மேடுகளில்தான் நுண்கற்கருவிகள் கிடைத்தன. சாயர்புரம் பகுதியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் சேகரித்தார், 1956-இல் ஸாய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பனையும் உடைமரமும் அதிகம்; கருப்பட்டியும் பனங்கற்கண்டும் இங்கிருந்துதான். தேரியில் பகல் பத்து மணிக்குமேல் நடப்பது முட்டாள்தனம்.

மலைப்பகுதி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் (1988) வருகிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியும்கூட. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அனுமதி இருந்தாலும் இலை, விதை, பூச்சி எதையும் எடுத்துவரக் கூடாது. அங்கே சிங்கவால் குரங்கைத் தேடி அலைவதைவிட, ஆற்றோரத்தில் நீர்மருது, நாவல், இலுப்பை, புன்னை மரங்கள் எந்த ஊர்வரை தொடர்கின்றன, சீமைக்கருவேலம் எங்கே தொடங்குகிறது என்று கரைநெடுக எண்ணுவது அதிகப் பயன் தரும். 100 மீட்டர் நீளம், கரையிலிருந்து 10 மீட்டர் அகலம் என்று ஒரே அளவுத் துண்டை எல்லா நிறுத்தங்களிலும் எடுங்கள். அளவு மாறினால் ஒப்பிட முடியாது. பறவைகளுக்கு ஜனவரி ஏற்ற மாதம். திருப்புடைமருதூரில், 2005-இல் பறவைகளுக்காகவே பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்ட இடத்தில், கோயிலைச் சுற்றிய மரங்களைக் காலை ஏழுமணிக்குள் போய்ப் பாருங்கள்.

வரலாற்றுச் சான்றுகளில் கால் வைக்கும்போது

ஆதிச்சநல்லூர் தென்கரையில், சாகுபடிக்கு உதவாத கல்லாங்கரட்டு மேட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள். வயலுக்கு ஏற்ற நிலத்தை விட்டுவிட்டு, மேட்டில் ஈமத்தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால் உடனே விளங்கும். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ, 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறை. தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லைக்கூட எடுக்காதீர்கள். படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு விடுங்கள்.

காலக்கணிப்பை எழுதும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். எந்த மாதிரி, எந்த முறை, எந்த ஆண்டு அறிவிப்பு என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே சிவகளையின் இரும்புக்கு கி.மு. 3345 வரை போகும் காலத்தை 2025-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அறிஞர்களிடையே அதுபற்றி விவாதம் நடக்கிறது. இவற்றை 'தாமிரபரணி நாகரிகம் இத்தனை ஆண்டுப் பழமையானது' என்று ஒரே எண்ணாகச் சுருக்குவது பெருமைக்கு உதவலாம், படிப்புக்கு உதவாது.

இலக்கியத்தில் தேடும்போது பொருநை, தண்பொருநை என்ற பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஆனால் ஆன்பொருநை என்றால் கைவைக்காதீர்கள். அது கருவூர்ப் பக்கத்து அமராவதி. இந்தக் குழப்பத்தில் கொங்குநாட்டுப் பாட்டு நெல்லைக்கு வந்துவிட்ட கட்டுரைகள் உண்டு.

கல்வெட்டுக்கு வருவோம். இந்தப் பகுதியின் பழைய பாண்டியர் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் (தமிழை எழுதிய பழைய வளைவான எழுத்துமுறை) இருக்கும். அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண பாண்டியன் கல்வெட்டு அப்படிப்பட்டது. அந்த ஊர் அதில் முள்ளிநாட்டு இளங்கோய்க்குடி. இராஜராஜ சோழன் பாண்டிநாட்டைப் பிடித்த பிறகு தமிழ் எழுத்துப் பரவியது. எனவே எழுத்து புரியவில்லை என்றால் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் அச்சான பாடத்தை (தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 14 முழுக்கப் பாண்டியருடையது) எடுத்துக்கொண்டு போய், கல்லில் அதே வரியைத் தேடுங்கள். கண்டுபிடிக்கும் திறமை அப்படித்தான் வரும்.

படம் எடுக்கக் காலை, மாலைச் சாய்வெயில் நல்லது. உள்மண்டபமாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டியபடி 10–15 பாகைச் சாய்வில் பக்கத்திலிருந்து அடியுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எழுத்தின் நிழல் போய்விடும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. மைப்படி எடுப்பது (கல்லில் தாளை ஒட்டி எழுத்தை மையால் படியெடுப்பது) பயிற்சி பெற்றவர்கள் வேலை. கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். அர்ச்சகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், 'உள்ளே ஏன் நிற்கிறீர்கள்' என்ற கேள்வி வராது.

ஆண்டுக் கணக்கில் இரண்டு பொறிகள். பாண்டியர் கல்வெட்டில் 'யாண்டு இரண்டாவதின் எதிர் பதினொன்று' என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். அடுத்து, சடையவர்மன் சுந்தரபாண்டியன், மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்ற பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசர்கள் உண்டு. பெயரை மட்டும் வைத்து நூற்றாண்டைச் சொல்லாதீர்கள். மெய்க்கீர்த்தியின் (கல்வெட்டின் முகப்பில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) தொடக்கச் சொல்லையோ, திதி–நட்சத்திரக் குறிப்பையோ வைத்தே பிரிக்க வேண்டும். பிற்காலக் கல்வெட்டிலும் ஓலையிலும் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-உம், ஜனவரி முதல் ஆடி வரை 825-உம் கூட்டினால் கி.பி. கிடைக்கும். சக ஆண்டுக்கு 78. வருவாய்த் துறை ஆவணங்களின் பசலிக்கு 590 கூட்டினால், அந்தப் பசலி தொடங்குகிற ஜூலை மாதத்தின் ஆண்டு கிடைக்கும்.

கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் வண்டலால் தூர்ந்து பின்வாங்க, காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பார்த்து எழுதினார். அதுவும் தூர, போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் கைகளில் தூத்துக்குடி மேலே வந்தது. மூன்று துறைமுகங்களையும் ஒரே தாளில் குறித்து இன்றைய கரைக்கோட்டுக்குத் தூரம் அளந்து எழுதினால், ஆறு கொண்டுவந்த வண்டலின் வேலை தெரியும். புன்னைக்காயலில் 1586-இலேயே தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது. இன்று அங்கே படகுத்துறையும் அலையாத்தியும் தவிர அதற்கான சுவடு ஏதும் கண்ணில் படாது.

அலுவலக ஆவணங்கள்

ஒரு கிராமத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு 'அ' பதிவேடு, அடங்கல், கிராம வரைபடம், புலப்படம் ஆகியவற்றைப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் சர்வே எண், நன்செய்–புன்செய்–புறம்போக்கு வகை, பரப்பு, தீர்வை இருக்கும். அடங்கலில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று இருக்கும். குளப் புறம்போக்கின் பரப்பைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து அதே குளத்தைப் பலகோணமாக வரைந்து ஒப்பிடுங்கள். ஜனவரிப் படத்தோடு ஒப்பிட வேண்டும். மே மாதப் படத்தில் வற்றிய குளத்தை ஆக்கிரமிப்பு என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

பழைய ஆட்களிடம் பேசும்போது 'கோட்டை விதைப்பாடு' என்பார்கள்; ஒரு கோட்டை நெல் விதைக்கிற நிலம் என்று பொருள். ஊருக்கு ஊர் அளவு மாறும். அந்த ஊரில் அது எத்தனை சென்ட் என்று கேட்டுக்கொண்டு, இரண்டு அளவையும் எழுதுங்கள். மக்கள்தொகை ஒப்பீட்டுக்கு மாவட்ட எண்ணை விட்டுவிட்டு, மாவட்டக் கையேட்டில் உள்ள கிராமப் பட்டியலிலிருந்து உங்கள் எல்லைக் கோட்டுக்குள் வருபவற்றை மட்டும் கூட்டுங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை. 1917-இல் வந்த ஹெச்.ஆர். பேட்டின் திருநெல்வேலி கெசட்டியர் பாசனத்துக்கும் பழைய தொழில்களுக்கும் இன்றும் பயன்படும். சாதிகளைப் பற்றி அதில் எழுதியிருப்பதை அக்கால அதிகாரியின் பார்வையாக மட்டும் வாசியுங்கள்.

வளர்ச்சி: யாருடைய தண்ணீர்

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1880-களில் ஹார்வி நூற்பாலை பாபநாசத்தின் அருவி நீர்விசையைத் தேடி விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தது. பஞ்சு கரிசலிலிருந்து, விசை மலையிலிருந்து, ஏற்றுமதி தூத்துக்குடியிலிருந்து. 1906-இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908-இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் மலைநிலத்தை பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவானது. அந்தத் தொழிலாளர்களின் ஊதியக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பயந்து ஓடி ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். ஆற்றின் வளர்ச்சிக் கதையில் இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

சிறுதொழில்களையும் தண்ணீரோடு கோத்துப் பாருங்கள். பத்தமடைப் பாய்க்கு ஆற்றோரக் கோரை, காருகுறிச்சி மண்பாண்டத்துக்குக் குளத்துக் களிமண், ஆத்தூர் வெற்றிலைக்குக் கடைமடை நீர். மூலப்பொருள் எந்த இடத்திலிருந்து வருகிறது, பத்தாண்டுக்கு முன் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

பெருந்தொழிலுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டலாம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென்று வந்த திட்டத்தின் அளவு நாளுக்கு 2 கோடி காலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர். தொடர் ஓட்டமாக எடுத்தால் விநாடிக்கு 37 கனஅடி. நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மி.மீ. நீர் என்று வைத்தால், 120 நாளில் இதே நீர் சுமார் 2,200 ஏக்கருக்குப் போதும். இது மேலோட்டமான கணக்கு. கால்வாய்க் கசிவும் மழையும் இதில் இல்லை. ஆனால் 'கொஞ்சம் தண்ணீர்தானே' என்கிறவருக்கும் 'எல்லாத் தண்ணீரும் போகிறது' என்கிறவருக்கும் முன்னால் வைக்க ஓர் எண் கிடைக்கிறது.

ஆட்களிடம் கேட்பது

முதலில் நீர்பாய்ச்சியிடம் (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர்) போங்கள், பிறகு விவசாய சங்கத் தலைவரிடம். வரிசை மாறினால் நீர்பாய்ச்சி தலைவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார். 'அண்ணாச்சி, இந்த மடையை யார் திறப்பாங்க?' என்று பொருளைக் காட்டிக் கேட்டால் பேச்சு நீளும். 'முன்பெல்லாம் நன்றாக இருந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதனால் ஒன்றும் தெரியாது. ஆண்டு நினைவிராதவர்களிடம் 1992 வெள்ளத்துக்கு முன்னா பின்னா, தூத்துக்குடி மாவட்டம் பிரியும் முன்னா பின்னா என்று கேளுங்கள். கடைமடை ஆட்களையும், நிலமில்லாத கூலி வேலைக்காரர்களையும், குறிப்பாகப் பெண்களையும் கேட்காமல் விட்டால் ஆயக்கட்டுத் தலைப்பின் கதை மட்டுமே மிஞ்சும். ஒலிப்பதிவுக்கு முன் சம்மதம் வாங்குங்கள். சாதி, நிலத்தகராறு பற்றிப் பேசியவர்களின் பெயரை அறிக்கையில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில்

முழு அளவு சார்ட் தாளின் நீளவாட்டில் 1 செ.மீ.க்கு 2 கி.மீ. என்று போட்டால் ஆறு 63 செ.மீ.யில் அடங்கிவிடும். மேலே நீள்வெட்டுத் தோற்றம்: செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டர். இப்படி வரையும்போது உயரம் 20 மடங்கு மிகைப்படும் என்பதை ஓரத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிறவர் சமவெளியையும் மலைச்சரிவு என்று நினைப்பார். அதற்குக் கீழே வரிசையாக: அணைகளும் அணைக்கட்டுகளும், மண், மரங்கள், தொல்லிடமும் கோயிலும் (கல்வெட்டின் நூற்றாண்டோடு), தொழிலும் தொடங்கிய ஆண்டும், அளந்த கால்வாய் ஓட்டமும் அளந்த தேதியும். ஒரே செங்குத்துக் கோட்டில் மேலிருந்து கீழே படித்தால் ஒவ்வொரு நிறுத்தமும் தன் கதையைச் சொல்ல வேண்டும். ஏதாவதொரு வரிசையில் கட்டம் காலியாக இருந்தால் அங்கே ஊகத்தை எழுதி நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். அடுத்த பருவத்தில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் காலிக்கட்டங்களே சொல்லிவிடும். படத்தின் ஒரு பிரதியை நீங்கள் ஆய்வு செய்த கிராமத்துப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுங்கள். பெயரும் தூரமும் தப்பாக இருந்தால் அங்கேதான் முதலில் திருத்துவார்கள்.